ஒரு பக்கம் மட்டும்

லோயிஸ் வெண்டல் தன் நாற்பத்தோரு வருடத்தை
ஒரு பென் டிரைவில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
ஏழுரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்.
"ஒரு பக்கம் மட்டும்" என்றார், சுத்தமான தமிழில்.
மறுபக்கம் திருத்த வேண்டுமாம்.

பக்கத்துக்கு மூன்று ரூபாய்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
முன்பணம் வாங்கிக்கொண்டேன்.
டோனர் வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் ஏறி வர வேண்டும்,
மண் சரிந்தால் அதுவும் இல்லை.

கொடைக்கானலில்தான் பள்ளிப்படிப்பு.
அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் பல் டாக்டர்.
பதினேழு வயதில் ஒஹாயோ.
பிறகு ஐந்து கவிதைத் தொகுதி,
ஒன்றும் இரண்டாம் பதிப்பு பார்க்கவில்லை.
மாதம் ஒரு விமர்சனம்;
அதற்குத்தான் ஆட்கள் பயந்தார்கள்.
இதில் எதையும் அவர் சொல்லவில்லை.
மெஷின் தாள் தாளாகத் துப்பும்போது
படிக்காமலிருக்க எனக்குத் தெரியாது.

என்னுடையது பிளஸ் டூ இங்கிலீஷ்.
ஆனாலும் வசவு எப்படியோ புரிந்துவிடுகிறது.
ஒருத்தருடைய உவமைகள் வாடகை நாற்காலிகளாம்,
கல்யாணம் முடிந்ததும் எண்ணித் திருப்பித் தர வேண்டியவை.
இன்னொருவரின் எழுபது பக்கப் புத்தகத்தில்
ஒரே ஒரு காற்புள்ளியைப் பாராட்டுகிறார்.
சிரித்துவிட்டேன்.
ஆதார் நகலுக்கு நின்ற வில்பட்டிக்காரர்
தன் போட்டோவைப் பார்த்துச் சிரிப்பதாக முறைத்தார்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்.
ஓரின் காவ்லிக் என்பவரின் முதல் புத்தகம் பற்றி:
"இந்தக் கவிதைகளில் யாருக்கும் குளிரவில்லை."
வெள்ளிக்கிழமை அதைப் பென்சிலால் அடித்திருந்தார்.
திங்கட்கிழமை அடித்ததை ரப்பரால் அழித்திருந்தார்.
புதன், மறுபடி அடித்து ஓரத்தில் கேள்விக்குறி.
ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் மட்டும் புதிதாக.
மூன்று ரூபாய்.
மூன்று ரூபாய்.
மூன்று ரூபாய்.

ஒரு சாயங்காலம் காட்டெருமை வந்தது.
பேரிக்காய்க் கழிவு கிடந்த சாக்கடையைத் தாண்டி
நேராக என் படியருகே வந்து நின்றுகொண்டது.
ஷட்டரைப் பாதி இறக்கினேன். கரண்டும் போனது.
உள்ளே அவர், நான், சூடு ஆறாத மெஷின்.

"காவ்லிக் அப்புறம் எழுதவேயில்லை" என்றார் இருட்டில்.
செத்துப்போய்விட்டாரா என்று கேட்டேன்.
"இல்லை. ஏரிக்கரையில் படகு விற்கிறார்.
வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார்.
நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம்."

அந்த வாக்கியம் பொய்யா?

கொஞ்ச நேரம் எருமையின் மூச்சுதான் கேட்டது.

"இல்லை. இந்த ஊர்க் குளிரை முப்பது வருஷம்
நானும் எழுதிப் பார்த்தேன்.
ஒருத்தருக்கும் குளிரவில்லை.
என்னைப் பற்றி அதை எழுத ஆள் கிடைக்கவில்லை."

டீயாவது வாங்கித் தந்திருப்பேன். எருமை விடவில்லை.

நவம்பரில் கிளம்பினார்.
கடைசிப் பிரதியில் அந்த வரி இருந்ததா என்றால்
எனக்குத் தெரியாது. கவரை அவரே ஒட்டினார்.
கூரியருக்கு நிறுத்துப் பார்த்தது மட்டும் நான்:
மூன்று கிலோ அறுபது கிராம்.

கழித்த தாள் இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.
பின்பக்கம் வெள்ளை. பால் கணக்கு, கேபிள் கணக்கு,
ஆள் இல்லாத மதியங்களில் என் சில வரிகள்.
எழுதிவிட்டு டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால்
அடியிலிருந்து அவர் எழுத்து இடவலம் மாறித் தெரியும்.

நேற்று எழுதியதில் பனி என்று நான்கு இடம்.
பென்சிலை எடுத்து மூன்றை அடித்தேன்.
நான்காவதன்மேல் முனையை வைத்துக்கொண்டு
யோசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு குரல்:

"ரேஷன் கார்டு ரெண்டு காப்பிங்க.
முன்னும் பின்னும்."